வரி இல்லாத வீடு

என் மில்லுக்கு மாவு திரிக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் படி ஏறி வருவார்கள். இப்போது ரோட்டிலிருந்து இறங்கி வருகிறார்கள். கட்டடம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ரோடுதான் ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் பழைய ரோட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்து, என் வாசற்படிகளை ஒவ்வொன்றாக விழுங்கி, கடைசியில் வாசலையும் தாண்டிவிட்டது. தூத்துக்குடியின் பழைய தெருக்களில் குடியிருக்கிற யாரிடமும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நான் மாவு மில் வைத்திருக்கிறேன். வீட்டின் முன்பகுதிதான் மில். பச்சரிசி, மிளகாய், மல்லி, பிள்ளைகளுக்குச் சத்துமாவு என்று எது வந்தாலும் திரித்துக் கொடுப்பேன். மிஷினும் மோட்டாரும் தரையில் கான்கிரீட் போட்டு போல்ட் முறுக்கி நிறுத்தியவை. என் கணவர் இருந்தபோது வாங்கிப் போட்டவை. அவர் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். ஒரே மகள், கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அவள் படிப்பும் என் சாப்பாடும் அந்த ஒரு மோட்டாரில்தான் ஓடுகின்றன. மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி எனக்குக் குரலும் பெரிதாகிவிட்டது. நீ சும்மா பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது என்பாள் மகள். நிஜமாகவே சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்பதைத் தெருவில் கேட்டுக்கொள்ளலாம்.

துறைமுகத்துக்குப் போகிற பெரிய ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிறது எங்கள் தெரு. அதன் கிழக்குக் கடைசியில் என் வீடு. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்கக் கிழக்கே ஓடிவந்து, என் வீட்டு ஓரமாக வடிகாலாகப் போகிற வாறுகாலில் விழுந்து, ஓடையில் சேர்ந்து, உப்பளங்களைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகும். போகும் என்றால், போக வேண்டும். அந்த வாறுகாலை யார் காலத்தில் கட்டினார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பாதி இடத்தில் இடிந்து, தூர்ந்து கிடந்தது. ரோட்டுக்கு அடியில் ஓடுகிற குடிதண்ணீர்க் குழாய் துருப்பிடித்து, ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடத்தில் பொத்துக்கொள்ளும். உப்புக் காற்றில் கரண்ட் கம்பங்களின் அடிப்பாகம் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. லாரிக்காரர்கள் குறுக்கு வழி என்று புகுந்து புகுந்து ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. எல்லாம் சேர்ந்தாற்போலக் கிழடு தட்டிவிட்டது. இந்த நாட்டில் முக்கால்வாசித் தெருக்களின் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். முன்னால் இருந்தவர்கள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், நாம் நடந்து தேய்த்துவிட்டோம், இனி திரும்பக் கட்ட வேண்டும். அந்தக் காசை யார் போடுவது என்பதில்தான் சிக்கல்.

ரோடு போடுகிற ஆபீஸுக்கு எங்கள் தெருக்காரர்கள் எத்தனையோ தடவை நடந்தார்கள். அந்த ஆபீஸின் பெயரைச் சொல்ல மாட்டேன். எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறது. நிதி இல்லை என்று கையை விரித்துக்கொண்டே இருந்தவர்கள், கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். தெருக்காரர்கள் ஒரு பங்கு போட்டால் மீதியைச் சர்க்கார் போடும், வேலையும் உடனே தொடங்கிவிடும் என்றார்கள்.

இதைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வயிற்றெரிச்சல். வீட்டு வரி கட்டுகிறோம். தண்ணீர் வராத மாதத்துக்கும் தண்ணீர் வரி கட்டுகிறோம். மில்லுக்கு லைசென்ஸ் கட்டுகிறேன். டீசலில் ரோட்டுக்கென்று ஒரு பங்கு பிடிக்கிறார்கள். திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போனால் டிக்கெட்டோடு சேர்த்து டோலுக்கும் நான்தான் கொடுக்கிறேன். இவ்வளவும் கொடுத்த பிறகு, என் வாசலில் இருக்கிற ரோட்டுக்கு மறுபடியும் பங்கு போடு என்றால் முன்பு கொடுத்ததெல்லாம் எந்த ரோட்டில் போயிற்று? இதை நான் எங்கள் கோயில் கமிட்டித் தலைவரிடமே கேட்டேன். தெருமுனையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். தெருவுக்கே அவர் அண்ணாச்சி. நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. என் கணவர் இறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து உடலை எடுத்து வருவதிலிருந்து எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்தவர். அவர் ஆணி நிறுத்துக்கொண்டே, சர்க்காரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது, நம் தெருவை நாம்தானே பார்க்க வேண்டும் என்றார்.

அவர் அப்படிச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து கடை போட்ட ஆட்கள் நாங்கள். யாரும் எங்களுக்கு எதையும் செய்து தரவில்லை. பள்ளிக்கூடம் வேண்டுமா, கிணறு வேண்டுமா, கோயில் வேண்டுமா, எங்கள் பெரியவர்கள் தங்களுக்குத் தாங்களே வரி போட்டு வசூல் பண்ணிக் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. இன்றைக்கும் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தால் தலைக்கட்டு வரிதான். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. பணக்காரன், ஏழை என்று பேதமில்லை, எல்லாருக்கும் ஒரே வரி. வரி கொடுத்தவன் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். பெயர் வாசிக்கப்பட்டவன் எழுந்து பேசலாம். ரோட்டுக்கும் அதே மாதிரி வசூல் பண்ணிவிடலாம் என்று கோயில் வாசலில் கூடி முடிவு செய்தார்கள். ரோட்டை அம்மன் கொடை மாதிரி நினைத்தார்கள். எல்லாத் தப்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

எரிச்சல் இருந்தாலும், வரி என்று வந்தால் கொடுத்துவிடுவது என்றுதான் நானும் இருந்தேன். தெருவே கொடுக்கும்போது ஒதுங்கி நிற்க எனக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வசூலுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் பணத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, மிஷினை நிறுத்திவிட்டு, கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கமிட்டி ஆட்கள் பக்கத்து வீட்டில் வாங்கினார்கள். எதிர் வீட்டில் வாங்கினார்கள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, திரும்பி நடந்துவிட்டார்கள்.

நான் கூப்பிட்டேன். வசூல் பையைத் தோளில் போட்டிருந்தவர், என் கணவரோடு படித்தவர், சங்கடத்தோடு திரும்பி வந்தார்.

"ஒங்க வீட்டுக்கு வரி கெடையாது மதினி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் புருஷன் போன பெண்ணிடம் கொடை வரி வாங்குவதில்லை. அந்த வீட்டில் தலைக்கட்டு இல்லை என்று கணக்கு. இதை இரக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். என் கணவர் இறந்த பிறகு வந்த முதல் கொடையில் அவர்கள் என் வாசலைத் தாண்டிப் போனபோது, உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அன்றைக்குக் கையில் ஒன்றுமில்லை. கொடை முடிந்ததும் தேங்காய், பழம், விபூதி எல்லாம் வீடு தேடி வந்தது. அம்மன் காரியம், அவளுக்கு யார் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன என்று விட்டுவிட்டேன். ஆனால் இது ரோடு. சர்க்கார் எனக்கு மட்டும் வீட்டு வரியைத் தள்ளுபடி பண்ணியிருக்கிறதா? டோல்கேட்டில் தாலி இருக்கிறதா என்று பார்த்தா பணம் வாங்குகிறான்?

அன்றைக்கே அண்ணாச்சி கடைக்குப் போய், என் பங்கை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவர் பணத்தைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"ஒனக்கு எதுக்கும்மா இந்தப் பாரம்? நாங்க போடுதோம்லா. பிள்ளைய நல்லாப் படிக்க வை" என்றார்.

எவ்வளவு கேட்டும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அன்பாகச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்குச் சண்டை போடத் தெரிந்த அளவுக்கு இந்த மாதிரி அன்பை எதிர்த்து நிற்கத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு, பணத்தோடு திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. மிஷின் ஓடுகிற வீட்டில் வெளிச் சத்தம் எதுவும் கேட்காது, வந்து சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. ஆபீஸிலிருந்து ஒரு இளவயது இஞ்சினியர் வந்து, மட்டம் பார்த்துவிட்டு, இரண்டு வழி சொல்லியிருக்கிறார். முறைப்படி செய்வதானால் பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த மட்டத்திலேயே புது ரோடு போட வேண்டும். வாறுகாலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்குச் செலவு கூடும், தெருக்காரர்களின் பங்கும் கூடும். இல்லையென்றால் பழைய ரோட்டின் மேலேயே போடலாம், வாறுகாலை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். வரி கொடுத்தவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டை ஏற்கெனவே உயர்த்திக் கட்டியவர்கள். சிலர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கியவர்கள். ரோடு எவ்வளவு ஏறினாலும் அவர்கள் வாசலுக்கு வராது. எதற்கு வீணாகச் சுரண்ட வேண்டும், மேலேயே போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கிழக்குக் கடைசியில் ஒரு மில் இருக்கிறது, தரையோடு தரையாக ஒரு மோட்டார் இருக்கிறது என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. என் பெயரை வாசிக்கவில்லை, அதனால் நான் இல்லை, அவ்வளவுதான்.

ஜல்லி வந்து என் வாசலுக்கு எதிரே குவிந்த அன்றுதான் எனக்கு விஷயம் தெரியும். இஞ்சினியர் நின்றுகொண்டிருந்தார். பழைய ரோட்டைச் சுரண்டவில்லையா என்று கேட்டேன். அவர் பணிவாகத்தான் பேசினார். பப்ளிக் ஷேர் கொடுத்தவர்கள் இப்படித்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நான் என்ன செய்யட்டும் மேடம் என்றார். நானும் பப்ளிக்தானே என்றேன். நீங்கள் ஷேர் கொடுத்தீர்களா என்று கேட்டார். அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்வது? கொடுக்கப் போனேன், எனக்குப் புருஷன் இல்லை என்று வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள் என்று நடு ரோட்டில் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று விளக்கினேன். அவருக்குப் புரியவே இல்லை. அவர் வெளியூர்.

கோயில் வாசலுக்குப் போனேன். கமிட்டி ஆட்கள் இருந்தார்கள். என் குரல் பெரிய ரோடு வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். ரோடு ஏறினால் என் மில்லுக்குள் தண்ணீர் வரும், மழைக்கு முன்னால் சுரண்டச் சொல்லுங்கள் என்றேன். அந்த வசூல் பைக்காரர்தான் முன்னால் வந்து மெதுவாகச் சொன்னார்.

"வரி குடுத்த வீட்டுக்காரங்க கூடிப் பேசி முடிவு பண்ணியாச்சி மதினி. இப்பம் போயி மாத்த முடியாது."

"நான் குடுக்க வந்தப்பம் ஏன் வாங்கல?" என்றேன்.

ஒருவர் செருப்பைத் தேடினார், ஒருவர் சாமி கும்பிடத் திரும்பிக்கொண்டார். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆத்திரமாக இருந்தது. யாராவது ஒருவர் திருப்பித் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ரோடு வந்தது. குறை சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிமெண்ட் ரோடு, பளிச்சென்று, எதிர்வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. பொம்பளைப் பிள்ளைகள் அதில் பெரிய பெரிய கோலம் போட்டார்கள். வரி கொடுத்தவர்கள் அதை எங்க ரோடு என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். குறுக்கே வருகிற லாரிக்காரனை மறித்து, எங்க ரோட்டில் வராதே என்று விரட்டினார்கள். ரோட்டில் சாந்து குழைத்த கொத்தனாருக்கும் திட்டு விழுந்தது. கொஞ்ச நாளில் அடியிலிருந்த அந்தத் துருப்பிடித்த குழாய் தன் வேலையைக் காட்டியது. புது ரோட்டின் நடுவில் ஈரம் கசிந்தது. குழாய் பார்க்கிற ஆட்கள் வந்து, ஒரு அறிவிப்பும் இல்லாமல், கட்டிங் மிஷினை வைத்து ரோட்டை அறுத்தார்கள். ரோடு ஒரு ஆபீஸ், குழாய் வேறு ஆபீஸ். எங்க ரோடு, எங்க ரோடு என்று வரி கொடுத்தவர்கள் கத்தினார்கள். அந்த ஆட்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, மறைக்காமல் சிரித்தேன்.

சிரிப்பு ஐப்பசி வரைக்கும்தான். மில்காரர்களுக்கு அதுதான் சீசன். தீபாவளிக்கு முறுக்கு மாவு, அதிரச மாவு, சீடை மாவு என்று தெருவில் தூக்குச் சட்டிகள் வரிசையில் நிற்கும். அந்த ஒரு மாதத்தில் ஓட்டுகிறதை வைத்துத்தான் மகளின் பீஸ். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதத்தில்தான் வரும், இரண்டுக்கும் அப்படி ஒரு பொருத்தம். வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தேன். செங்கல் வைத்து ஒரு சின்னச் சுவரும் எழுப்பியிருந்தேன். வீட்டைத் தூக்க ஜாக்கிக்காரர் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்டிருந்தேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குப் பொறி கலங்கிவிட்டது. தூக்கினாலும் மிஷினைக் கழற்றி வேறு பீடம் போட வேண்டும், கூரை இடிக்கும் என்றார். மழை குறைவாகப் பெய்தால் போதும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மழை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தது. குழாய்க்கு அறுத்த இடத்தையும் பூசி மூடியிருந்தார்கள், புது ரோட்டில் ஒரு குழி இல்லை, ஒரு மேடு இல்லை. தெருவில் விழுந்த ஒரு சொட்டும் எங்கும் தங்காமல் நேரே கிழக்கே வந்தது. வாறுகால் பழைய மட்டத்தில் அடைத்துக் கிடந்தது. தண்ணீருக்குப் போக இருந்த ஒரே இடம் என் மில். மணல் மூட்டைகளுக்கு இடையில் முதலில் கசிந்தது, பிறகு செங்கலைத் தள்ளிக்கொண்டு வந்தது. மெயின் சுவிட்சை அணைக்க ஓடினேன். நான் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னாலேயே மோட்டார் ஒரு தடவை உறுமி, புகைந்து, நின்றுவிட்டது. திரிப்பதற்காக வைத்துவிட்டுப் போயிருந்த அடுத்தவர்களின் அரிசியும் மிளகாயும் தண்ணீரில் மிதந்தன. அத்தனையையும் நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அழுதேன். மிளகாய்த் தண்ணீர் காலெல்லாம் எரிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு அண்ணாச்சி வந்தார். கூடவே கமிட்டி ஆட்கள் எல்லாரும். சும்மா வரவில்லை, தெரு முழுக்க வீட்டுக்கு வீடு வசூல் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு வீடு விடாமல் கொடுத்திருக்கிறார்கள். புது மோட்டார் வாங்கித் தந்துவிட வேண்டும் என்று இவர்களாகவே பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அண்ணாச்சி அந்த உறையை இரண்டு கையாலும் நீட்டினார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

"எல்லாரும் மனசாரக் குடுத்திருக்காவ. மறுக்காத தாயி" என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அந்தப் பணம் எனக்குத் தேவையாகவும் இருந்தது. என் பங்கை வாங்க மாட்டோம் என்றவர்கள், நான் முங்கிய பிறகு தங்கள் பங்கைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வாங்கினால் ஆயுசுக்கும் நான் தர்மம் வாங்குகிற வீடு. வாங்கவில்லை என்றால் திமிர் பிடித்தவள். மகளின் பீஸ் கட்ட வேண்டிய நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சேறு படிந்த மிஷினைப் பார்த்தேன். வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தேன். அத்தனை பேரும் ரோட்டில் நின்றார்கள், நான் கீழே நின்றேன். அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உறையை வாங்கிக்கொண்டேன். அவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, இந்தப் பணம் எனக்குத்தான?"

"ஒனக்கேதாம்மா."

"அப்பம் இத நான் என்ன வேணா செய்யலாம்லா?" என்று கேட்டுவிட்டு, அதே உறையை அவர் கையில் திருப்பி வைத்தேன். "ரோட்டுக்கு எம் பங்கு. வரவு வச்சிக்கிடுங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வசூல் பைக்காரருக்குத்தான் முதலில் கோபம் வந்தது. எங்கள் காசை எங்களுக்கே கொடுத்துவிட்டு உன் பங்கு என்றால் எப்படி என்று கேட்டார். சர்க்கார் நம்மிடம் வரி வாங்கி, அதில் ரோடு போட்டு, நமக்கு இனாமாகக் கொடுத்த மாதிரி போர்டு வைக்கிறதே, அதைவிட இது மோசமில்லை என்றேன். மோட்டாரை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்தப் பணத்தை வரவு வையுங்கள், அடுத்த கூட்டத்தில் என்னைப் பேசவிடுங்கள் என்றேன். இந்தத் தடவை என் குரல் பெரிதாக இல்லை. மிஷின் ஓடாத வீட்டில் கத்த வேண்டிய தேவை இல்லை.

அண்ணாச்சி உறையைச் சட்டைப்பை வரைக்கும் கொண்டுபோனார், மறுபடி என் பக்கம் நீட்டினார். வாங்கவும் முடியவில்லை, திருப்பித் தரவும் முடியவில்லை அவருக்கு. பொம்பளை பெயரில் தலைக்கட்டு எழுதின பழக்கமே இல்லையே என்று கடைசியில் முணுமுணுத்தார். எழுதினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, உறையோடு போய்விட்டார்.

கழுத்துச் செயினை அடகு வைத்து, எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டக் கொடுத்தேன். மோட்டார் வந்து சேர்ந்தபோது தீபாவளி முடிந்திருந்தது. என்னிடம் மாவு திரிக்கிறவர்கள் அடுத்த தெரு மில்லுக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மகள் போனில், பீஸுக்கு என்னம்மா செய்வாய் என்று கேட்காமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். கிறிஸ்துமஸுக்குக் கடற்கரைப் பக்கத்து ஜனங்கள் அச்சு முறுக்குக்கு அரிசி கொண்டுவந்தார்கள், அதில் பாக்கி பீஸைக் கட்டிவிட்டுக் கொஞ்சம் தலை நிமிர்ந்தேன். நடுவில் இரண்டு மழைக்கு மோட்டாரைக் கழற்றிக் கட்டிலின் மேல் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. கழற்றுவதற்கு ஒரு கூலி, மாட்டுவதற்கு ஒரு கூலி. புது ரோட்டுக்கு இந்தத் தெருவில் என்னைவிட அதிகம் செலவழித்தவர்கள் யாரும் இருக்க முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அது எந்தக் கணக்கிலும் வராது.

பொங்கல் கழிந்து, வாறுகால் கட்டுவதற்கு அடுத்த கட்டப் பங்கு போட வேண்டும் என்று கூட்டம் வைத்தார்கள். என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார் அண்ணாச்சி. உறைப் பணத்தை வரவு வைத்தாயிற்று என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு நம்பவே முடியவில்லை. மில்லைப் பூட்டிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு போனேன். கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆண்கள் மட்டும்தான் இருந்தார்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலியை எனக்கென்று தள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த வசூல் பைக்காரர் எனக்கும் டீ கொண்டுவந்து தந்தார்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல வரி கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்தார். ஒவ்வொருவராக இருக்கேன், இருக்கேன் என்றார்கள். நான் என் பெயருக்காகக் காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வந்தது, எதிர் வீட்டுக்காரர் பெயர் வந்தது. அடுத்து என் கணவரின் பெயரை வாசித்தார்.

தவறி வாசித்துவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இல்லை. கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். பொம்பளை பெயரில் எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. வாங்காமல் இருக்கவும் மனசு வரவில்லை. யோசித்துப் பார்த்து இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் என் கணவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள். ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை. அதில் தப்பாக எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. என் கணவர் உயிரோடு இருந்தபோது ஒரு கூட்டத்திலும் வாயைத் திறந்தவர் இல்லை. கூட்டம் என்றாலே தலைவலி என்று சொல்லி மில்லிலேயே இருந்துவிடுவார்.

பதில் வராததால் அண்ணாச்சி அந்தப் பெயரை இன்னொரு தடவை வாசித்தார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"வந்திருக்காரு அண்ணாச்சி" என்றேன். "மொதல்ல ரோட்டச் சுரண்டச் சொல்லுதாரு."